பழைய நாஸ் பெட்டியைத் தூக்கிப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், பெங்களூருவில் பல வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் விண்டோஸ் 11 கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கூடவே ஒரு புகாரும் வருகிறது. ரவுட்டர் பக்கத்தில் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க் வழியாக எல்லாக் கம்ப்யூட்டரும் பகிர்ந்துகொள்ளும் ஹார்ட் டிஸ்க் பெட்டி, குடும்பத்தின் போட்டோ, கல்யாண வீடியோ, கடைக் கணக்கு எல்லாம் இருக்கும் பெட்டி, புது கம்ப்யூட்டரில் திறப்பதில்லை. "பெட்டி போயிடுச்சு, புதுசு வாங்குங்க" என்கிறார்கள் சிலர். வேறு சிலர் விண்டோஸில் எஸ்எம்பி 1 என்ற பழைய வசதியை ஆன் செய்து கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை.

பெரும்பாலும் பெட்டி கெட்டிருக்காது. ஃபைல் பரிமாற அது பேசும் எஸ்எம்பி என்ற நெறிமுறையின் முதல் பதிப்பை விண்டோஸ் ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான். 2017 மே மாதம் உலகைக் கலங்கடித்த வானாக்ரை என்ற பணயத் தீம்பொருள் பரவியது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதில்லை. பழைய விண்டோஸை மேம்படுத்தியதால் அது கூடவே வந்திருந்தாலும், 15 நாள் பயன்படுத்தாமல் விட்டால் ஹோம், ப்ரோ பதிப்புகளில் விண்டோஸ் அதை நீக்கிவிடும். "போன மாசம் வேலை செஞ்சுதே" என்று பலர் குழம்புவதற்கு இதுவே காரணம்.

முதல் வேலை, பேக்கப். பெட்டியின் அட்மின் பக்கத்தில் ஹார்ட் டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே தரும் பட்டியலைப் பாருங்கள். 197-ஆம் எண்ணில், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் என்ற வரியில், பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் வேறு எதையும் தொடாமல் காப்பி எடுக்க வேண்டும். கேபிளையும் கவனியுங்கள். ஜிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலே வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கி, 2 டெராபைட் காப்பியாக இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும்.

அட்மின் பக்கமே திறக்கவில்லையா? பழைய பெட்டிகள் பல, டிஎல்எஸ் என்ற இணையப் பாதுகாப்பு முறையின் 1.0 பதிப்பை மட்டுமே அறிந்தவை. இன்றைய பிரவுசர்கள் அதைக் கைவிட்டுவிட்டன. முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் என்பதற்குப் பதிலாக வெறும் எச்டிடிபி போட்டுப் பாருங்கள். முகவரியின் முடிவில் போர்ட் எண்ணும் வேண்டும்: சினாலஜி கம்பெனிப் பெட்டி என்றால் 5000, க்யூனாப் என்றால் 8080. உள்ளே போனதும் எஸ்எம்பி அமைப்பில் 'மேக்ஸிமம்' அல்லது 'ஹையஸ்ட்' என்று இருக்கும் இடத்தில் எஸ்எம்பி 2 அல்லது 3-ஐத் தேர்ந்தெடுங்கள். பெட்டிக்கு வந்த கடைசி ஃபர்ம்வேரை (பெட்டியின் உள் மென்பொருளை) போட்ட பிறகுதான் சில மாடல்களில் இந்த வசதி தெரியும். பாதிப் பெட்டிகள் இதிலேயே சரியாகிவிடும்.

அதன் பிறகும் 'நெட்வொர்க்' ஜன்னலில் பெயர் தெரியாமல் போகலாம். அந்தப் பட்டியல் பழைய முறையை நம்பி இருந்தது. இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, பெட்டியின் ஐபி முகவரியை நேரடியாக டைப் செய்யுங்கள். மின்சாரம் போய் வந்தாலும் முகவரி மாறாதபடி ரவுட்டரில் அதை நிலையாக ஒதுக்கி வைப்பது அவசியம்.

விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' நுழைவை அது தடுக்கும். நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுப்பதாகச் செய்தி வரும். வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்த நிறுவனம் என்று திகைக்க வேண்டாம், அது விண்டோஸின் இயல்பு அமைப்பே. பெட்டியில் பாஸ்வேர்டுடன் ஒரு யூசரை உருவாக்கி, விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்த விவரத்தைச் சேருங்கள். இங்கே மைக்ரோசாஃப்ட் மெயிலையோ பின் நம்பரையோ கொடுத்தால் திறக்காது.

எஸ்எம்பி 1-ஐத் தவிர வேறு எதுவுமே தெரியாத பெட்டிகளும் இருக்கின்றன. காப்பி எடுக்கும் வரை மட்டும், விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி 1 'கிளையண்ட்' என்பதை மட்டும் டிக் செய்து, முடிந்ததும் எடுத்துவிடலாம். 'சர்வர்' வேண்டவே வேண்டாம். தினசரிப் பயன்பாட்டுக்கு, லினக்ஸில் ஓடும் ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போதும். அதில் பழைய பெட்டியின் ஃபோல்டரை எஸ்எம்பி 1.0 என்று குறிப்பிட்டு மவுண்ட் செய்து (இணைத்து), அதையே சாம்பா என்ற பகிர்வு மென்பொருள் மூலம் எஸ்எம்பி 3-ஆக மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பகிர வேண்டும். ஒரே ஒரு கருவிதான் பழைய பெட்டியோடு பேசும். வீட்டின் மற்ற கம்ப்யூட்டர்கள் பத்திரமாக இருக்கும்.

இத்தகைய பெட்டியை இணையத்துக்குத் திறந்து வைப்பது பேராபத்து. 2015-க்குப் பின் அப்டேட்டே வராத டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) மை புக் லைவ் பெட்டிகளில் இருந்தவற்றை 2021 ஜூனில் யாரோ இணையம் வழியாக அழித்தார்கள். வெளியிலிருந்து பெட்டிக்கு வழி திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங், யூபிஎன்பி இரண்டையும் ரவுட்டரில் அணைத்து வையுங்கள்.

பெட்டி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது மட்டும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். உள்ளே கெப்பாசிட்டர் உப்பிய அடாப்டரால் அதைத் தாங்க முடியாது. நம் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதேதானா, ஆம்பியர் குறையவில்லையா, பின்னின் உள் விட்டம் 2.1 மி.மீ.யா 2.5 மி.மீ.யா என்று பழையதை வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

பெட்டியே இறந்துவிட்டால், இரண்டு டிஸ்க் உள்ளவற்றில் எது எந்த இடத்தில் இருந்தது என்று எழுதி ஒட்டிய பிறகு வெளியே எடுங்கள். விண்டோஸில் மாட்டினால் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கக்கூடும். எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் முறையில் எழுதிய டிஸ்க் அதற்குப் புரியாததால் வரும் கேள்வி அது. கட்டாயம் 'கேன்சல்' அழுத்துங்கள். உபுண்டு என்ற லினக்ஸ் உள்ள பென் டிரைவில் கம்ப்யூட்டரைத் தொடங்கி, டிஸ்கைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து காப்பி எடுங்கள். மை புக் லைவ் போன்ற சிலவற்றில் 64 கேபி பிளாக் அளவு இருப்பதால் சாதாரண மவுண்ட் தோற்கும். அங்கே டிபக்எஃப்எஸ் என்ற லினக்ஸ் கருவி கொண்டு ஃபைல்களை வெளியே எடுக்கலாம்.

இப்படிக்கு,
கணினிப் பழுது நீக்குநர்,
அல்சூர், பெங்களூரு