அடி இலை மஞ்சளிப்பது பற்றி

சிங்ஹாய், சீனா
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. இலை பறிக்கும் வேலை முடியட்டும் என்று இருந்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "புல்லுக்குப் போய் யூரியா போடுகிறாளாமே" என்று பெரியத்தை கேட்டார்களாம். ஆமாம், உரம் போட்டால் மேய்ச்சல் புல் தன் காயும் இலையிலிருந்து சத்தைத் திரும்ப இழுப்பது மாறுகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி, அதுதான் வேலை.

இங்கே 3200 மீட்டர் உயரம். குளிரில் சருகு மக்க வெகுகாலம் பிடிக்கும். அதனால் இலை காய்வதற்குள் அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரண்டிலும் பாதிக்கு மேல் புல்லே திரும்ப இழுத்து வேரில் சேர்த்துக்கொள்ளும். தழைச்சத்து போதாத நெல்லில் அடி இலை மஞ்சளித்து மேல் இலை பச்சையாக நிற்குமே, அதே வேலைதான்.

சதுர மீட்டருக்கு 10 கிராம் தழைச்சத்து. யூரியாவில் அது 46 சதவீதம் என்பதால் 4 சதுர மீட்டர் பாத்திக்கு 87 கிராம் யூரியா. மணலில் கலந்து, மழைக்கு முந்தின மாலையில் தூவ வேண்டும். வெயிலில் போட்டால் அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

நூல் கட்டிய தூர்களில் ஆகஸ்டில் 100 பச்சை இலை, இப்போது 100 காய்ந்த இலை. 65 டிகிரியில் இரண்டு நாள் உலர்த்தி எடை போடுகிறோம். பலர் தவறுவது இங்கேதான். பச்சை இலையில் கிராமுக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தது காய்ந்த இலையில் 10 ஆனால், பாதி புல்லுக்கு மீண்டது என்று எழுதிவிடுவார்கள். காயும்போது இலையின் எடையும் குறைகிறதே! 1 கிராம் இலை முக்கால் கிராமானால் மிச்சம் ஏழரை மில்லிகிராம்தான், மீண்டது 62.5 சதவீதம். பறிக்கத் தாமதித்தால் மழை சத்தைக் கரைத்துவிடும், புல்லே இழுத்துக்கொண்டதுபோல் கணக்கு ஏமாற்றும். உறைபனி முந்தினால் இழுக்கும் முன்பே இலை கருகிவிடும்.

உரம் போட்ட பாத்தியில் புல் அவ்வளவு சிக்கனமாக இருப்பதில்லை. காய்ந்த இலையிலேயே சத்து தங்கிவிடுகிறது. தழைச்சத்தை மட்டும் கொட்டினால் மணிச்சத்துக்குத் தட்டுப்பாடு வந்து, சில புல் அதை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். நெட்டைப் புல் ஓங்கி, குட்டைக் கோரை நிழலில் நலிகிறது. மண்ணைப் பாய்போல் பிடித்து வைத்திருப்பது அந்தக் கோரையின் வேர். எனக்கு அதுதான் கவலை.

பக்கத்து வீட்டுத் திபெத்தியப் பாட்டி யாக் சாணத்தை வரட்டி தட்டித்தான் அடுப்பெரிக்கிறார். அந்தச் சத்தும் மேய்ச்சலுக்குத் திரும்புவதில்லை. ஆனால் வேறு விறகு ஏது? வறுத்த பார்லி மாவை வெண்ணெய்த் தேநீரில் பிசைந்து தருவார், நம் சத்துமாவு மாதிரி. தண்ணீர் 89 டிகிரியிலேயே கொதிப்பதால் குக்கர் இல்லாமல் சோறு வேகாது. சாப்பாட்டுக்குக் குறையில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். நேற்று உலர்த்திய இலைப் பையைத் திறந்தேன், நம் களத்து வைக்கோல் வாசம். கொஞ்ச நேரம் எதையும் எண்ண முடியவில்லை.

நெல்லுக்கு மூன்றாம் முறை யூரியா போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த இலை வண்ண அட்டையைப் பாருங்கள். காலை பத்துக்குள், உங்கள் நிழலில் வைத்து, முழுதும் விரிந்த இளம் இலையில். பத்து இலையில் ஆறு, 3ஆம் எண் நிறத்தைவிட வெளுத்திருந்தால் மட்டும் போடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு அது போதும். மிஞ்சினால் புகையான் பூச்சி வரும், கதிர் சாயும்.

செல்வி வளைகாப்புக்குத் தேதி குறித்தாயிற்றா? இந்த மாதம் பணம் வருவதில் சின்னத் தாமதம், வேறொன்றுமில்லை. மாமாவுக்கான தவணையை நவம்பரில் சேர்த்து அனுப்புகிறேன். அம்மா வளையலை மட்டும் அடகு வைக்க வேண்டாம்.

அன்புடன்,
வசந்தி