வயிற்றுவலிக்காரப் பையன்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

நேற்று போனைப் பாதியிலேயே வைக்க வேண்டியதாகிவிட்டது. நீ பாடம் எடுக்கிற இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் தினமும் இடைவேளை நேரத்தில் வயிற்றுவலி என்கிறான், வீட்டுக்குக் கூட்டிப்போனதும் துள்ளி விளையாடுகிறானாம், "நடிக்கிறானாம்மா?" என்று கேட்டாய். போனில் சொல்லி மாளாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நடிப்பு என்றே வைத்துக்கொள். ஏழு வயசுப் பிள்ளை எதற்காக நடிக்கிறது? அந்த வயதில் பயம், கவலை எதற்கும் பெயர் தெரியாது. எல்லாம் வயிற்றில் வந்துதான் உட்காரும். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் அந்த வலி நிஜமான வலிதான். முதலில் டாக்டரிடம் காட்டச் சொல், அதில் சமரசம் வேண்டாம். அப்புறம் வலி எந்த நேரத்தில் வருகிறது, விடுமுறை நாளில் வருகிறதா என்று ஒரு வாரம் குறித்து வை.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம் என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. காலையில் நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே வீடு திரும்பும். மூன்று மாதம் அது என் கண்ணில் படவேயில்லை. அடிக்கடி காய்ச்சல், லீவு. சிறுநீரில் தொற்று என்று அவள் அம்மா வந்து சொன்ன அன்றைக்குத்தான், ஏன் தண்ணீரே குடிப்பதில்லை என்று கேட்டேன். "குடிச்சா பாத்ரூம் போகணும் மிஸ்" என்றாள். போனால் என்ன? கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் தள்ளித் திறந்துவிட்டுச் சிரிப்பார்களாம். ஒரு தாழ்ப்பாள், நாலு திருகாணி, அவ்வளவுதான் விஷயம். அந்தக் கதவை நான் ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. ஆசிரியர்களுக்குத்தான் வேறு கழிப்பறை இருந்ததே.

அதனால் நாளைக்கு இடைவேளையில் நீயே பிள்ளைகளின் கழிப்பறைக்குப் போய்ப் பார். உள்ளே தாழிட முடிகிறதா, குழாய் அவர்கள் கைக்கு எட்டுகிறதா, சோப்பு இருக்கிறதா என்று. சோப்புப் போட்டு 20 விநாடி கழுவு என்று சுவரில் படம் ஒட்டியிருப்பார்கள், சோப்புதான் இருக்காது. வெகுநேரம் அடக்கி வைத்தால் தொற்று வரும், மலச்சிக்கல் வரும். குழந்தைகளின் வயிற்றுவலிக்கு மலச்சிக்கல் ரொம்பச் சாதாரணமான காரணம். "இப்பத்தானே போயிட்டு வந்தே?" என்று வகுப்பு நடுவில் எந்தப் பிள்ளையையும் கேட்காதே. பத்தில் இரண்டு பேர் சும்மா வெளியே சுற்றத்தான் போவார்கள், போகட்டும்.

கழிப்பறையில் குறை ஒன்றுமில்லை என்றால், இடைவேளையில் அவன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார். கூடப் படிக்கிற பிள்ளையாக இருக்கலாம், பெரியவர்களாகவும் இருக்கலாம். இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். குழந்தைகளிடம் தவறாக நடப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள்தான். தெரியாதவர் கூப்பிட்டால் போகாதே என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பாடம்தான் ஆகிறது. யார் தொட்டுப் பிடிக்காமல் போனாலும், "யாரிடமும் சொல்லாதே" என்று யார் சொன்னாலும், அதை முதலில் வந்து சொல்ல வேண்டும் என்று பழக்கு. உடல் உறுப்புகளின் பெயரை வெட்கப்படாமல் சொல்லவும் பழக்கு.

ஒருவேளை அவன் வாய் திறந்தால் உன் முகம் மாறக் கூடாது. எனக்கு அது கடைசிவரை சரியாக வரவில்லை. "அவர் உன்னை இங்கே தொட்டாரா?" என்று நீயாக எடுத்துக் கொடுக்காதே. "என்ன நடந்தது?", "அப்புறம்?" இந்த இரண்டு போதும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்காதே, அதைக் காப்பாற்ற உன்னால் முடியாது. "உன்னைக் காப்பாற்றக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று அவனிடம் சொல். "நீ சொன்னது நல்லது, தப்பு உன் மேல் இல்லை" என்பதையும் சொல்லிவிடு. அன்றைக்கே அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, பள்ளியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் கொடு. நீயே போய் அந்த ஆளை விசாரிக்காதே. பிள்ளையை நாலு பேர் முன்னால் நிறுத்தித் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கவும் விடாதே.

மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து படுக்க வைக்காதே (நானே பத்து வருஷம் அப்படித்தான் செய்தேன்). முன்னால் குனிய வைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடி. உன் வகுப்பில்தான் முன்பற்கள் விழுந்து முளைக்கும். புதிதாக முளைத்த பல் அடிபட்டுப் பெயர்ந்து விழுந்தால் வேர்ப் பக்கம் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு, உடனே பல் டாக்டரிடம் அனுப்பு. அதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. தலையில் அடிபட்ட பிள்ளை சிரித்துக்கொண்டே இருந்தாலும் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடு. திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கமில்லாத தூக்கம், குழறல் என்றால் வீட்டார் வரும்வரை காத்திருக்காதே, நேரே ஆஸ்பத்திரி. முதல் பீரியடிலேயே தூங்கி விழுகிறவன் சோம்பேறி இல்லை. 6 வயதிலிருந்து 12 வரை 9 மணி நேரமாவது தூங்க வேண்டும், வீட்டில் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று கேள்.

சரி, நீண்டுவிட்டது. தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நாளைக்குப் பார்த்துவிட்டுப் போன் செய். இன்னொன்று. போன தடவை நீ இங்கே வந்தபோது உன் பையைத் துவைக்க எடுத்தேன். பள்ளிக்குக் கொண்டுபோகிற உன் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் நிறைந்தே இருந்தது. அது எதனால் என்றும் சொல்.

அம்மா