நாங்கள் ஐமவுத்திலேயே இருக்கிறோம், மக்கா

அன்பு மக்கா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், இனி ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் அந்தச் சின்ன ஊரில் உங்களுக்கு என்ன இருக்கிறது, லண்டனுக்கே வந்துவிடுங்கள் என்றாய். உன் அக்கறை புரிகிறது. ஆனால் என் மனதில் இருப்பது போனில் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்கூல் முடித்த கையோடு நீ கிளம்பிப் போனாய். அந்த வயதில், சுமார் 3,500 பேர் இருக்கிற ஊர் மூச்சு முட்டத்தான் செய்யும். துறைமுகம், அதில் மீனுக்குக் காத்திருக்கும் சீல்கள், பெர்விக் போகிற பஸ், அவ்வளவுதான் ஐமவுத் என்று உனக்குத் தோன்றியிருக்கும்.

கடலோரத்து பாண்ட்ரி நடைபாதையில் இருக்கும் வெண்கலச் சிலைகளை நீ நின்று பார்த்திருக்கிறாயா? 2016-ல் வைத்தது. ஜில் வாட்சன் என்ற சிற்பி செய்தார். கடலைப் பார்த்து நிற்கிற 78 விதவைகள், 182 பிள்ளைகள். எல்லாரும் இந்த ஒரே ஊர்க்காரர்கள்.

1881 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. அதற்கு முன் பல நாளாக வானிலை மோசம், படகு இறக்க முடியவில்லை, வீடுகளில் காசில்லை. அன்று காலை வானம் வெளுத்திருந்தது, ஆனால் துறைமுகத்து பாரோமீட்டர் புயலுக்கு அறிகுறியாக மிகவும் இறங்கியிருந்தது. அது தெரிந்தும்தான் போனார்கள். ஏன் போனார்கள் என்று நம் குடும்பத்தில் யாரும் கேட்க மாட்டோம். மீன்பாடு இல்லாத வாரங்களில் குளச்சலில் உன் தாத்தாவும் அப்படிப் போனவர்தான். நடுப்பகலில் புயல் அடித்தது. இந்தக் கரையோரத்தில் 189 பேர் செத்தார்கள், அதில் 129 பேர் ஐமவுத்துக்காரர்கள். உயிரைப் பிடித்துக்கொண்டு திரும்பிய சில படகுகள், துறைமுக வாயில் இருக்கும் ஹர்க்கர் பாறைகளில் மோதி, கரையில் நின்ற பெண்களின் கண்ணெதிரேயே உடைந்தன. ஏரியல் கசல் என்ற படகு கரைக்கு வராமல் ஆழ்கடலிலேயே தாக்குப்பிடித்தது. இனி வராது என்று ஊர் கைவிட்ட பிறகு, இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது.

புயல் வந்தது, போனார்கள் என்று இங்கே யாரும் முடித்துவிடுவதில்லை. அந்தக் காலத்தில் ஐமவுத் மீனவர்கள் பிடித்த மீனுக்குச் சர்ச்சுக்கு தசமபாகம் கட்ட வேண்டியிருந்தது. வில்லி ஸ்பியர்ஸ் என்ற மீனவர் தலைமையில் வருஷக்கணக்காக எதிர்த்தார்கள். கடைசியில் பெரிய தொகை ஒன்றைக் கட்டித்தான் விடுபட முடிந்தது. அந்தக் கடன் ஊரை அழுத்தியது, துறைமுகத்தை ஆழப்படுத்துகிற வேலை தள்ளிப்போனது. அதனால் புயல் அன்று படகுகள் பத்திரமாக நுழைய நல்ல துறைமுகம் இல்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் வருகிறது. ஸ்பியர்ஸுக்கு ஊருக்குள் சிலை வைத்திருக்கிறார்கள். வைக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் ஏன் உனக்குச் சொல்கிறேன் என்றால், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்ததே, அந்த நாட்களுக்காகத்தான். கடலுக்குப் போனவர்களைப் பற்றித் தகவல் இல்லை என்று குளச்சலிலிருந்து போன் மேல் போன். எனக்குக் கை கால் ஓடவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி கேள்விப்பட்டு வந்து, டீ போட்டுக் கொடுத்துவிட்டு ராத்திரி வரைக்கும் என்கூட உட்கார்ந்திருந்தார். அவருடைய குடும்பத்திலும் 1881-ல் போனவர்கள் உண்டு. கரையில் காத்திருப்பது என்னவென்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேறு எந்த ஊரிலும் எனக்கு இது கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இந்தக் கரைக்காரர்கள் துக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களும் இல்லை. பக்கத்தில் செயின்ட் ஆப்ஸில் 2015-ல் கடலில் தவிப்பவர்களை மீட்கிற லைஃப்போட் நிலையத்தை மூடினார்கள் இல்லையா, அந்தக் கிராமத்து ஜனங்கள் பணம் திரட்டி அடுத்த வருஷமே சொந்தமாக ஒரு படகு வாங்கிக் கடலில் இறக்கிவிட்டார்கள். உனக்குப் பிடித்த டன்னாக்ஸ் வேஃபர் கம்பெனிக்காரர்களும் அதற்குப் பெரிய தொகை கொடுத்தார்கள். ரெஸ்டன் ரயில் ஸ்டேஷனும் அப்படித்தான். 1964-ல் மூடியதை விடாமல் கேட்டுக் கேட்டு 2022-ல் மறுபடி திறக்க வைத்தார்கள். வேலையே இல்லாத ஊர் என்கிறாய். இப்போது நார்ட் நா கீஹ காற்றாலைகளைப் பராமரிக்கிறவர்கள் நம் துறைமுகத்திலிருந்துதான் படகேறுகிறார்கள்.

அப்புறம், அப்பாவுக்கு இப்போது கன்ஸ்கிரீன் ஹவுஸ் பைத்தியம். வருகிறவர்களையெல்லாம் அங்கே கூட்டிப் போய்விடுகிறார். 1753-ல் ஜான் நிஸ்பெட் என்ற கடத்தல் வியாபாரி கட்டிய வீடு. தேயிலைக்குத் தாறுமாறாக வரி இருந்த காலம், அதனால் சுவருக்குள்ளேயே தேயிலை ஒளித்துவைக்க வழி செய்திருக்கிறார். நீ வந்தால் உன்னையும் விட மாட்டார்.

ஜூலையில் ஹெர்ரிங் குவீன் விழா வருகிறது. 1939-லிருந்து நடக்கிறது. ஹைஸ்கூல் பெண் ஒருத்தி ராணியாகி, தோரணம் கட்டிய படகுகள் சூழ செயின்ட் ஆப்ஸிலிருந்து கடல் வழியாக வருவாள். நீ படித்த காலத்தில் கூட்டத்தோடு நின்று பார்த்திருப்பாய். இந்தத் தடவை மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. நாலு நாளாவது லீவு கிடைக்குமா என்று இந்த வாரமே கேட்டுச் சொல். ரயில் ரெஸ்டனில் நிற்கிறதா என்று பார்த்து டிக்கெட் எடு, எல்லா ரயிலும் நிற்காது. அப்பா காரோடு வந்து நிற்பார்.

அன்புடன்,
அம்மா