ரோகிணிக்குப் பக்கத்தில் ஒரு கட்டைவிரல்

சான் பெத்ரோ தே அட்டகாமா, சிலி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இந்த ஊர் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நான் வேலை செய்யும் அல்மா என்ற ரேடியோ தொலைநோக்கியின் ஆண்டெனாக்கள் நிற்பது இன்னும் மேலே, 5,000 மீட்டரில். மில்லிமீட்டர் அலைகளை விழுங்குவது காற்றிலுள்ள நீராவி. அங்கே அது மிகக் குறைவு. பிப்ரவரி வாக்கில் கிழக்கேயிருந்து ஈரக்காற்று ஏறிவரும். அந்த மாதம் பராமரிப்பு வேலைதான்.

கருமேகத்துக்குள் பிறக்கும் நட்சத்திரத்தை எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். தேடுவதைவிடப் போலிகளைக் கழிப்பதில்தான் பாடு அதிகம். இளம் நட்சத்திரத்தைச் சுற்றிய தூசி சூடாகி அகச்சிவப்பில் ஒளிரும். ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி 2020-இல் ஓய்ந்துவிட்டாலும், அதன் 3.6 முதல் 24 மைக்ரான் வரையிலான அளவுகள் கையில் இருக்கின்றன. நீண்ட அலைகளில் சாதாரண நட்சத்திரத்தைவிட வெளிச்சம் கூடுதலாக இருப்பவற்றைப் பொறுக்குவோம். தூரத்துக் கேலக்சிகளும், தாமே கக்கிய தூசியில் மூடிய கிழட்டு நட்சத்திரங்களும் அதே நிறத்தில் வந்து நிற்கும். மங்கலானவற்றை வெட்டினால் கேலக்சிகள் போகும். கூடவே நிஜமான பொடி நட்சத்திரங்கள் சிலவும் போய்விடும்.

மிஞ்சியவற்றுக்குத்தான் அல்மா. மேகத்தில் பெரும்பகுதி ஹைட்ரஜன், ஆனால் 10 கெல்வின் (சுமார் மைனஸ் 263 டிகிரி) குளிரில் அது வாயே திறக்காது. அதனால் கார்பன் மோனாக்சைடை 230.538 கிகாஹெர்ட்ஸில் கேட்கிறோம். ஒரு பக்கம் நம்மை நோக்கியும் எதிர்ப்பக்கம் விலகியும் வாயு பாய்ந்து, நடுப்புள்ளியின் வேகம் மேகத்தின் வேகத்தோடு ஒத்துப்போனால், உள்ளே குழந்தை நட்சத்திரம் இருக்கிறது. ஆனால் சுமார் 20 கெல்வினுக்குக் கீழே கார்பன் மோனாக்சைடு தூசியில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். மேகத்தின் அடர்ந்த மையம் படத்தில் ஓட்டை மாதிரித் தெரியும். வெற்றிடம் என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த அயனியை 93.17 கிகாஹெர்ட்ஸில் பார்த்தால் அதே இடம் பளிச்சென்று நிற்கும்.

இன்னொரு பொறி: ஆண்டெனாக்களை 16 கிலோமீட்டர் வரை விரித்தால் நுணுக்கம் கிடைக்கும், பரந்த மேகம் காணாமல் போகும். ஒளிப்புள்ளியைச் சுற்றி மதிப்பு சுழியத்துக்குக் கீழே கிண்ணமாகக் குழிந்திருந்தால் இதுதான் காரணம். நெருக்கமாக நிற்கும் 12 சிறிய, 7 மீட்டர் ஆண்டெனாக்களின் அளவீட்டையும் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும்.

2014-இல் அல்மா வளையம் வளையமாகப் படமெடுத்த எச்எல் டாரி என்ற இளம் நட்சத்திரம் 450 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நம் மொட்டைமாடியிலிருந்து ரோகிணியைப் பிடித்து, நீட்டிய கையில் ஒரு கட்டைவிரல் அகலம் வடக்கே தள்ளிப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, இடம்தான் அது. கார்த்திகை தீபத்தன்று வேண்டாம், முழுநிலா அந்தப் பக்கமே நிற்கும். ஒரு வாரம் போகட்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்