கதவைத் தட்டிட்டுத் திரும்பிப் போன போலீஸ்

ஆசிரியருக்கு வணக்கம்,

அமெரிக்காவோட 'ரெட் ஃபிளாக்' சட்டங்கள், அதாவது தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்தா இருக்குறவங்ககிட்ட இருந்து கோர்ட் உத்தரவோட துப்பாக்கிய தற்காலிகமா எடுத்து வைக்கிற சட்டங்கள் பத்தின உங்க தலையங்கம் படிச்சேன். ஏதோ வீடு வீடா போய் துப்பாக்கிய பிடுங்குற மாதிரி எழுதியிருக்கீங்க, அப்படி இல்லீங்க. ஃபுளோரிடாவையே எடுத்துக்கோங்க, போலீஸ்தான் கோர்ட்டுக்குப் போகணும், ஜட்ஜ் தற்காலிகமா ஆர்டர் போட்டா 14 நாளுக்குள்ள விசாரணை, அந்த ஆளும் வந்து தன் பக்கத்த சொல்லலாம், அதுலயும் ஆபத்துன்னு நிரூபிச்சாதான் அதிகபட்சம் 12 மாசம் துப்பாக்கி இல்லாம இருக்கணும். 2018ல பார்க்லேண்ட் ஸ்கூல்ல 17 பேர் செத்த மறுமாசமே இந்தச் சட்டத்துல கையெழுத்து போட்டவர், துப்பாக்கிக் கட்டுப்பாட்ட பொதுவா எதிர்க்கிற ரிபப்ளிகன் கட்சியோட கவர்னர் ரிக் ஸ்காட், அத நீங்க சொல்லவே இல்ல.

மெய்ன் மாநிலம் லூயிஸ்டன்ல 2023 அக்டோபர்ல 18 பேர சுட்டுக் கொன்னவன் பத்தி அவன் குடும்பமே மே மாசம், அவன் மனநிலை சரியில்ல, கையில துப்பாக்கியும் இருக்குன்னு போலீஸ்ல சொல்லியிருக்கு. செப்டம்பர்ல போலீஸ் போய் கதவத் தட்டுது, திறக்கல, திரும்பிப் போயிட்டாங்க. அங்க அப்ப இருந்தது 'யெல்லோ ஃபிளாக்'னு வேற ஒரு சட்டம், முதல்ல ஆள கஸ்டடில எடுக்கணும், அப்புறம் மருத்துவப் பரிசோதனை, அதுக்கப்புறம்தான் கோர்ட், குடும்பம் நேரா கோர்ட்டுக்குப் போக வழி கிடையாது. 2025 நவம்பர்ல மக்களே ஓட்டுப் போட்டு குடும்பத்துக்கும் அந்த வழிய திறந்துவிட்டாங்க.

பொய்ப் புகார் வந்தா என்னன்னு கேக்குறீங்க, நியாயமான பயம்தான், அதுக்குத்தானே அந்த விசாரணை. ஆனா இங்க அமெரிக்காவுல துப்பாக்கிச் சாவுல பாதிக்கு மேல தற்கொலை, உங்க தலையங்கத்துல அதப் பத்தி ஒரு வரி கூட இல்லையே சார்?

இப்படிக்கு,
ஒரு வாசகி, நியூ ஜெர்சி