‘வீண்’ என்று முடித்த கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மியூவான் என்னும் நுண்துகளை அமெரிக்காவில் அளந்த ஆய்வைப் பற்றிச் சென்ற இதழில் வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். புதிய துகள் எதுவும் அகப்படவில்லை, ‘ஆக, இருபது ஆண்டு உழைப்பும் வீண்’ என்று முடிந்திருந்தது. அந்த ஒரு வரி எங்கள் தெருவில் என்ன செய்தது என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும்.

எதிர்வீட்டுப் பெண் பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறாள். எம்.எஸ்சி. சேர வேண்டும், அப்புறம் துகள் இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவள். அவளுடைய அப்பச்சி பல வருடங்களாகத் தங்கள் வாசகர். அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டு முகப்புக்கே வந்துவிட்டார். “டீச்சர், நீங்களே பாருங்க. அமெரிக்காக்காரனே இருபது வருஷம் பாடுபட்டு ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கு. இதைப் படிச்சு இவ என்ன செய்யப் போறா?” என்றார். அச்சில் வந்ததை வாயால் மறுத்தால் எடுபடுமா? எடுபடவில்லை. பி.எட். விண்ணப்பம் வாங்கியாகிவிட்டது. பி.எட். படித்துத்தான் நானும் பிழைத்தேன், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்டது அது இல்லையே.

நடந்தது தாங்கள் அறியாதது அல்ல. மியூவான் எலெக்ட்ரானைப் போன்றது, நிறை மட்டும் ஏறக்குறைய 207 மடங்கு. காந்தப் புலத்துக்குள் விட்டால் பம்பரம் தலையாட்டுவது போல ஆடும். அந்த ஆட்டத்தை மிக நுணுக்கமாக அளந்தால், வெற்றிடத்தில் தோன்றி மறையும் துகள்களின் தடம் அதில் தெரியும். நாம் இன்னும் அறியாத துகள் ஒன்று இருந்தால் அதன் தடமும் அங்கே இருக்கும். நியூயார்க் அருகே உள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பெரிய காந்த வளையம் ஒன்றை வைத்து இதை அளந்தார்கள். பிறகு 2013-ல், அந்த 50 அடி அகலக் காந்த வளையத்தைப் பிரிக்காமல் மிதவைக் கப்பலிலும் லாரியிலுமாகச் சுமார் 5,000 கிலோமீட்டர் கொண்டுபோய், சிகாகோ அருகே உள்ள ஃபெர்மி ஆய்வகத்தில் வைத்தார்கள். பர்மாத் தேக்கைக் கப்பலில் வரவழைத்து வீடு கட்டிய ஊர் எங்களுடையது. அந்தப் பயணத்தின் பாடு எங்களுக்குப் புரியும். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

2025 ஜூன் 3 அன்று வந்த இறுதி முடிவின் துல்லியம் ‘127 கோடியில் ஒரு பங்கு’ என்று அச்சாகியிருக்கிறது. தவறு. 100 கோடியில் 127 பங்கு என்பதே சரி. காரைக்குடியிலிருந்து சென்னைக்குச் சுமார் 400 கிலோமீட்டர். அந்தச் சாலையை அளந்து, பிழை இரண்டு அங்குலம்தான் என்று சொல்ல முடிந்தால், அதுதான் இந்தத் துல்லியம். அவர்கள் வைத்திருந்த இலக்கு 100 கோடியில் 140 பங்கு. அதையும் தாண்டிவிட்டார்கள். இதையா வீண் என்பது?

என் அப்பா வட்டிக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஐந்தொகை போடும் நாட்களில் வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது. ஓரணா இடித்தால்கூட விடிய விடியப் பேரேட்டைப் புரட்டுவார். இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்டுவார்கள், ஒருவர் தொகையை மற்றவர் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் மனம் அந்தத் தொகைக்கே கணக்கை இழுத்துக்கொண்டு போகும் என்பார். ஃபெர்மி ஆய்வகத்திலும் இதையேதான் செய்தார்கள். ஆட்டத்தை அளக்கும் கடிகாரத்தின் சரியான வேகம் ஆய்வுக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. குழுவுக்கு வெளியே இருவருக்கு மட்டும் தெரியும், எண்ணை உறையில் போட்டு மூடி வைத்திருந்தார்கள். எல்லாக் கணக்கும் முடிந்த பிறகுதான் உறை பிரிந்தது. இதைப் படித்த அன்று எனக்கு அப்பா நினைவு வந்து கண் கலங்கியது.

2021-ல் அளவீட்டுக்கும், அறிந்த துகள்களை மட்டும் வைத்துப் போட்ட கோட்பாட்டுத் தொகைக்கும் கணக்கு இடித்தது. தற்செயலாக அப்படி வர 40,000-ல் ஒரு வாய்ப்புதான். புதிய துகளோ என்று உலகமே பரபரத்தது. பிறகு கோட்பாட்டுக்காரர்கள் வெளியையும் காலத்தையும் கணினியில் கட்டம் கட்டமாகப் பிரித்துப் புதிதாகக் கணக்குப் போட்டார்கள். 2025-ல் அவர்கள் தொகை அளவீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாறியது கோட்பாட்டுத் தொகை. அளந்தவர்களின் எண் 2021-லிருந்து பெரிதாக அசையவில்லை, இன்னும் கூர்மையாகத்தான் ஆனது. முன்பு கோட்பாட்டுக்கு ஆதாரமாக இருந்த எலெக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்டு எடுத்த தரவுகள் ஒன்றோடொன்று ஏன் ஒத்துப்போகவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. 2023-ல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் நடந்த அத்தகைய மோதல் ஆய்வின் முடிவு வந்தபின் அது இன்னும் பெரிதாகிவிட்டது. பேரேடு மூடப்படவில்லை, ஐயா. எதிர்வீட்டுப் பெண் போய் உட்கார வேண்டிய இடமே அதுதான்.

எழுத உட்கார்ந்த பிறகு பழையதெல்லாம் நினைவுக்கு வருகிறது. 2008 செப்டம்பரில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் இயந்திரம் ஓடத் தொடங்கியபோது கருந்துளை பூமியை விழுங்குமா என்று படம் போட்டீர்கள். மறுநாள் என் வகுப்பில் ஒரு சிறுமி அழுதாள், அவளைத் தேற்றவே ஒரு பீரியட் போனது. 2011-ல் நியூட்ரினோ என்ற துகள் ஒளியைவிட 60 நானோநொடி முந்திவிட்டது என்று முழுப்பக்கம் எழுதினீர்கள். ஒளியிழைக் கேபிள் ஒன்று சரியாகப் பொருந்தாததுதான் முக்கியக் காரணம் என்று மறுவருடம் தெரிந்தது. அதற்கு ஒரு பெட்டிச் செய்தி இல்லை. கேட்டு எழுதிய என் கடிதத்துக்குப் பதிலும் இல்லை. 2012-ல் ‘கடவுள் துகள்’ என்று பேர் வாங்கிய ஹிக்ஸ் துகள் வந்தது, ‘கடவுள் அகப்பட்டார்’ என்று அட்டை. 2022-ல் டபிள்யூ போசான் என்ற துகளின் நிறை எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றதும் இயற்பியல் ஆட்டம் கண்டது என்றீர்கள். 2024-ல் செர்னின் சிஎம்எஸ் குழு அளந்து, கோட்பாட்டோடு ஒத்துப்போகிறது என்று சொன்னதைத் தங்கள் பக்கங்களில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒத்துப்போனால் செய்தி இல்லை என்று யார் முடிவு செய்கிறார்கள்?

எங்களுக்கு இரண்டு மணி நேரத் தொலைவில், மதுரையில், 85 டன் எடையுள்ள கருவி ஒன்று வானத்திலிருந்து வரும் மியூவான்களைப் பதிவு செய்கிறது. தேனியில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்துக்கு ஆதரவும் எதிர்ப்புமாகப் பக்கம் பக்கமாக எழுதினீர்கள், அது வேறு வழக்கு. அந்த மதுரைக் கருவிக்கு ஒரு படம்கூடப் போட்டதில்லை. எங்கள் ஊரில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரிக்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரியில் அது திறக்கப்பட்டபோது செர்ன் அமைப்பு பிறக்கவே இல்லை, அது 1954-ல்தான் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் இயற்பியல் படிக்க, தங்கள் இதழையே தாண்டி வர வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

நான் கேட்பது இரண்டு வரி. அடுத்த இதழில், அதே பக்கத்தில், ‘100 கோடியில் 127 பங்கு’ என்று திருத்தம் போடுங்கள். ‘வீண்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுவதாகவும் சேர்த்துப் போடுங்கள். எம்.எஸ்சி. சேர்க்கைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. இதழ் வந்ததும் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு நான் எதிர்வீட்டுக்குப் போக வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
காரைக்குடி.