லார்ட்ஸுக்கு முன்னால் ‘தி’ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்களுக்கான ஆங்கிலப் பயிற்சிப் பக்கங்களில் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தின் பெயர், முன்னால் ‘தி’ (the) சேர்த்து, அடிக்கடி பிழையாக அச்சாகிறது. தாமஸ் லார்ட் 1787இல் தொடங்கிய மைதானம் இருமுறை இடம் மாறி, 1814 முதல் லண்டன் செயின்ட் ஜான்ஸ் வுட்டில் இருக்கிறது. ‘லார்டுடைய மைதானம்’ என்பதில் மைதானம் உதிர்ந்து, உடைமை மட்டும் நின்றுவிட்டது. அதனால் கடைசி எஸ் எழுத்துக்கு முன் அப்பாஸ்ட்ரபி என்ற மேற்குறி கட்டாயம் (Lord's). அதை விட்டுவிட்டு ‘தி’ சேர்த்தால், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் அவை என்று பொருளாகிவிடும். 1983 உலகக் கோப்பை இறுதிப் போட்டி ‘அட் லார்ட்ஸ்’ நடந்தது. ‘இன் தி லார்ட்ஸ்’ அல்ல.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், ‘தி லார்ட்ஸ் டெஸ்ட்’ என்பது சரிதான். அங்கே ‘தி’ டெஸ்டுக்கு உரியது, மைதானத்துக்கு அல்ல. இதை யாரும் விளக்குவதில்லை என்பதே என் வருத்தம்.

இடப்பெயரே மைதானப் பெயரானால் ‘தி’ வராது: வெம்பிளி, ஹெடிங்லி, நம் சேப்பாக்கம். ஓவல் என்பது வடிவத்தைக் குறிக்கும் பொதுச்சொல், ஆகவே ‘தி ஓவல்’. மெல்போர்ன் மைதானம் ‘தி எம்சிஜி’. ஆஸ்திரேலியர்கள் பேச்சில் அதையும் சுருக்கி ‘தி ஜி’ என்பார்கள். ஈடன் கார்டன்ஸ் பன்மையாக இருந்தும் ‘தி’ ஏற்காது. அதைத் தனியே மனத்தில் பதிக்க வேண்டும்.

பயிற்சிப் பக்கத்தில் இவற்றை முழு வாக்கியங்களாகவே அச்சிடுங்கள்.

– ஆங்கில ஆசிரியர், மதுரை